பசித்த பயிரும் பெருத்த பயிரும்: உரம், விளைச்சல், நெல் நோய் - ஒரு வரலாறு

முன்னுரை

குற்றாலம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அருவியும் சாரலும்தான். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்துவிட்டால் தென்காசி வட்டாரமே குளிர்ந்து போகும். வெயில் அடிக்கும்போதே தூறல் விழும். சுற்றுலா வருபவர்களுக்கு இது சீசன். வயல்காரர்களுக்கு இது கார் நெல்லின் பருவம்.

ஆனால் குளிர்ந்த காற்றையும் ஈர இலையையும் மனிதர்களைவிட அதிகமாக விரும்பும் ஓர் உயிர் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சாணம். நெல்லுக்கு வரும் குலைநோய்க்குக் காரணம் அதுதான். இலையில் கண் வடிவில் புள்ளி விழும். பிறகு கதிரின் கழுத்து கருகும். கடைசியில் நெல் எல்லாம் பதராகி, "பயிர் சாவியாப் போச்சு" என்று விவசாயி தலையில் கை வைப்பார்.

இந்தப் பூஞ்சாணத்துக்கு வானிலை மட்டும் போதாது. நாம் கையால் வீசும் உரமும் அதற்குத் துணை செய்கிறது. உரம் போட்டால் விளைச்சல் கூடும் என்பது உண்மை. உரம் போட்டால் நோய் கூடும் என்பதும் உண்மை. உரம் போடாவிட்டாலும் வேறொரு நோய் வரும் என்பதும் உண்மை! இந்த மூன்று உண்மைகளும் எப்படி ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிய வந்தன என்பதுதான் இக்கட்டுரை.

சிற்றாறும் இரண்டு போகமும்

குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசியைத் தொட்டு ஓடிப் பின்னர் தாமிரபரணியில் கலக்கிறது. குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி, ராமநதி, கடனாநதி என்று மலையடிவாரம் முழுக்க அணைகள். அவற்றுக்குக் கீழே வரிசையாகக் குளங்கள். இரண்டு பருவமழையும் ஓரளவு கிடைக்கும் பகுதி என்பதால் இங்கே ஜூன் முதல் கார் சாகுபடியும், அக்டோபர் முதல் பிசான சாகுபடியும் நடக்கின்றன. 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டம் ஆனது. ஆனால் கார், பிசானம் என்ற இந்த இரண்டு சொற்களும் மாவட்ட எல்லைகளைவிட மிகப் பழையவை.

ஒரே வயலில் ஆண்டுக்கு இரண்டு முறை நெல் எடுத்தால் மண்ணிலிருந்து சத்து இரண்டு மடங்கு வெளியே போகும். அதைத் திருப்பித் தராவிட்டால் மண் மெலியும். இது யாரும் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்த விஷயம் அல்ல. உழுவதைவிட எருப் போடுவது நல்லது என்றும், நீர் பாய்ச்சுவதைவிடப் பயிரைக் காப்பது நல்லது என்றும் வள்ளுவரே உழவு அதிகாரத்தில் வரிசைப்படுத்திவிட்டார். எருவையும் காப்பையும் அவர் ஒரே குறளில் வைத்தது கவனிக்கத்தக்கது.

பழைய உரங்கள்

ரசாயன உரம் வருவதற்கு முன் இந்த வட்டார வயல்களுக்கு என்ன போட்டார்கள்?

முதலாவது தொழு உரம். மாட்டுச்சாணமும் கூளமும் மக்கி வருவது. இரண்டாவது குளத்து வண்டல். கோடையில் குளம் வற்றியதும் வண்டியில் அள்ளி வயலில் கொட்டுவார்கள். மூன்றாவது ஆட்டுக்கிடை. அறுவடை முடிந்த வயலில் கீதாரிகள் மந்தையை இரவில் அடைத்து வைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணுக்கே போய்ச் சேரும். நான்காவது பசுந்தழை. மலையிலிருந்து தழை வெட்டி வந்து சேற்றில் மிதிப்பார்கள். அறுவடைக்குப் பின் வயலில் கொழிஞ்சியை வளரவிட்டு அடுத்த போகத்துக்கு மடக்கி உழுவதும் உண்டு.

இதில் தழைக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு சிக்கல் வந்தது. 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் நிறைவேறியது. மலைக்காடுகள் ஒதுக்குக் காடுகள் ஆயின. அதுவரை சும்மா வெட்டி வந்த தழைக்கு அனுமதியும் கட்டணமும் தேவைப்பட்டது. சென்னை மாகாணம் முழுக்க விவசாயிகளின் பெரிய குறைகளில் இதுவும் ஒன்றாக இருந்தது. காட்டைக் காப்பாற்ற வந்த சட்டம், வயலுக்கு வந்துகொண்டிருந்த சத்தை ஒரு பக்கம் குறைத்தது.

பழைய உரங்களுக்கு ஒரு குணம் உண்டு. அவற்றில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் சேர்ந்தே இருக்கும். கொஞ்சம் துத்தநாகம், கொஞ்சம் சிலிக்கா என்று மற்றவையும் இருக்கும். அளவு குறைவு. ஆனால் கலவை மாறாது. அவை மெதுவாகத்தான் பயிருக்குக் கிடைக்கும். ஆகவே விளைச்சல் மிகப் பெரிதாக இருக்காது. பயிர் திடீரென்று கொழுத்துப் போகவும் வாய்ப்பில்லை.

சத்து என்றால் என்ன என்று தெரிந்த கதை

பயிர் எதைத் தின்று வளர்கிறது என்ற கேள்விக்கு 19ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவில் தெளிவான விடை கிடைத்தது. ஜெர்மனியின் ஸ்பிரெங்கலும் அவருக்குப் பின் லீபிக்கும் ஒரு விதியை விளக்கினார்கள். பயிருக்குத் தேவையான சத்துக்களில் எது மிகக் குறைவாக இருக்கிறதோ, அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கும். மற்றவை எவ்வளவு இருந்தாலும் பயன் இல்லை. பீப்பாயில் ஒரு பலகை மட்டும் குட்டையாக இருந்தால் தண்ணீர் அந்த மட்டத்துக்கு மேல் நிற்காது அல்லவா, அது போல.

1842இல் இங்கிலாந்தின் லாஸ் என்பவர் சூப்பர் பாஸ்பேட் உரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு ரோதம்ஸ்டெட்டில் நீண்டகால உரச் சோதனை தொடங்கியது. 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிக் காட்டினார். 1913இல் கார்ல் போஷ் அதைப் பெரிய தொழிற்சாலையாக்கினார். அன்றிலிருந்து தழைச்சத்துக்கு மாட்டையும் மரத்தையும் மட்டும் நம்பியிருக்க வேண்டிய அவசியம் போயிற்று. இன்று உலகில் ஏறக்குறைய பாதிப் பேருடைய உணவு இந்த முறையில் தயாரான உரத்தால்தான் விளைகிறது என்று அறிஞர்கள் மதிப்பிடுகிறார்கள்.

ராணிப்பேட்டை முதல் தூத்துக்குடி வரை

இந்த அலை தமிழ்நாட்டுக்கு வர நெடுநாள் ஆகவில்லை. 1906இல் பாரி நிறுவனம் ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலையைத் தொடங்கியது. இந்தியாவின் முதல் ரசாயன உரத் தொழிற்சாலை இதுதான் என்பது குறிப்பிடத்தக்கது.

அடுத்தது மலைக்கு அந்தப் பக்கம். திருவிதாங்கூரில், ஆலுவா அருகே, 1943இல் ஃபாக்ட் நிறுவனம் உருவாகி 1947இல் அம்மோனியம் சல்பேட் உற்பத்தியைத் தொடங்கியது. ஆரம்பத்தில் விறகை எரித்து வாயு எடுத்துத்தான் அங்கே உரம் செய்தார்கள்! அப்போது செங்கோட்டையும் திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் அது தமிழ்நாட்டோடு இணைந்தது.

பிறகு 1951இல் பீகார் பகுதியில் சிந்திரி, 1960களில் நெய்வேலி, 1971இல் மணலி என்று ஆலைகள் வந்தன. 1975இல் தூத்துக்குடியில் ஸ்பிக் ஆலை யூரியா உற்பத்தியைத் தொடங்கியது. தென்காசிக்கு இனி உரம் தொலைதூரப் பொருள் அல்ல. கிழக்கே சில மணி நேர லாரிப் பயணம்தான்.

இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டால் 1950-51இல் பயன்பட்ட உரச்சத்து 1 லட்சம் டன்னுக்கும் குறைவு. இன்று அது சுமார் 300 லட்சம் டன். அதே காலத்தில் நெல்லின் சராசரி விளைச்சல், அரிசிக் கணக்கில், ஹெக்டேருக்கு 668 கிலோவிலிருந்து சுமார் 2,800 கிலோவாக உயர்ந்தது. பாசனம், புதிய ரகம், உரம் மூன்றும் சேர்ந்த பலன் இது. இதை மறுப்பவர்கள் 1950களில் ரேஷன் வரிசையில் நின்றவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

கோவையின் பாத்திகள்

உரம் வந்தது. ஆனால் எந்த உரத்தை எவ்வளவு போடுவது? இதற்கு விடை தேட 1909இல் கோவை வேளாண் கல்லூரிப் பண்ணையில் நிரந்தர உரச் சோதனை தொடங்கப்பட்டது. ஒரு பாத்திக்கு எதுவும் இல்லை. ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும். ஒன்றுக்கு மணிச்சத்து மட்டும். ஒன்றுக்கு மூன்றும். ஒன்றுக்குத் தொழு உரம். ஆண்டுதோறும் அதே பாத்திக்கு அதே உரம். இந்தியாவில் இன்றும் நடக்கும் மிகப் பழைய உரச் சோதனைகளில் இதுவும் ஒன்று.

அந்தப் பாத்திகள் சொன்ன பாடம் எளிமையானது. ஒரே ஒரு சத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்ட இடம் பின்தங்கியது. மூன்று சத்தும் பெற்ற பாத்தியும் தொழு உரம் பெற்ற பாத்தியும் முன்னே நின்றன. லீபிக்கின் குட்டைப் பலகை கோவை மண்ணிலும் உண்மையாயிற்று.

விளைச்சலுக்கு இந்தப் பாடம் போதும். ஆனால் நோய் என்ற இன்னொரு கணக்கு பாக்கி இருந்தது.

குலைநோய்: பெருத்த பயிரின் நோய்

குலைநோய் புதிய நோய் அல்ல. 1637இல் வெளியான ஒரு சீன நூலிலேயே நெல்லுக்கு வரும் "காய்ச்சல்" பற்றிய குறிப்பு உண்டு. தமிழ்நாட்டில் 1910களின் இறுதியில் தஞ்சாவூர் டெல்டாவில் இது பெரிதாகத் தாக்கியது. சென்னை மாகாண அரசின் பூஞ்சாண ஆய்வாளர் மெக்ரே அதைப் பதிவு செய்தார். கோவை நெல் ஆராய்ச்சி நிலையம் 1912இலும், ஆடுதுறை நிலையம் 1922இலும், நமது பக்கத்து ஊரான அம்பாசமுத்திரம் நிலையம் 1937இலும் தொடங்கப்பட்டன. அவை செய்த முக்கியப் பணிகளில் ஒன்று நோயைத் தாங்கும் ரகம் தேடுவது. நோய்க்கு எளிதில் ஆளாகும் ஆடுதுறை 10 ரகத்தையும், நோயைத் தாங்கும் கோ 4 ரகத்தையும் ஒட்டுச் சேர்த்து கோ 25 உருவானது அப்படித்தான்.

ரகத்தோடு இன்னொரு விஷயமும் ஆய்வாளர்கள் கண்ணில் பட்டது. ஒரே ரகம், ஒரே ஊர், ஒரே வானிலை. ஆனாலும் தழைச்சத்து அதிகம் பெற்ற வயலில் குலைநோய் அதிகம். ஜப்பானிலும் இதையே சொன்னார்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் டி.எஸ்.சதாசிவனும் அவரது குழுவினரும் இதன் காரணத்தை ஆராய்ந்தார்கள். இரவு வெப்பநிலை சுமார் 20 டிகிரிக்கு இறங்கும்போது நெல் இந்த நோய்க்கு எளிதில் ஆளாகிறது, பயிருக்குள் கரையும் நைட்ரஜன் பொருட்கள் சேர்வதும் அதோடு தொடர்புடையது என்பது அவர்களது ஆய்வுகளில் தெரிய வந்தது.

ஏன் அப்படி? காரணங்கள் மூன்று.

ஒன்று, உணவு. தழைச்சத்து மிகுந்த இலையில் அமினோ அமிலங்கள் நிறையத் தேங்கும். அவை பூஞ்சாணத்துக்குத் தயாராகச் சமைத்து வைத்த சாப்பாடு.

இரண்டு, தோல். நெல் இலையைத் தொட்டால் சொரசொரப்பாக இருப்பதற்குக் காரணம் சிலிக்கா. குலைநோய்ப் பூஞ்சாணம் இலையைத் துளைப்பதற்கு ஓர் உறுப்பை வளர்க்கிறது. அதற்குள் உருவாகும் அழுத்தம் கார் டயரின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 40 மடங்கு! அந்த ஊசியைத் தடுப்பது கெட்டியான இலைத்தோல். தழைச்சத்து அதிகமானால் இலை வேகமாகப் பெருத்து, தோலில் சிலிக்காவின் அளவு குறைந்து மென்மையாகிவிடும்.

மூன்று, ஈரம். தூர் அடர்த்தியாகி இலைகள் ஒன்றையொன்று மூடிக்கொண்டால் வயலுக்குள் காற்றும் வெயிலும் புகாது. பனியும் தூறலும் இலையில் நெடுநேரம் நிற்கும். பூஞ்சாண வித்து முளைக்க அதுதான் தேவை.

இப்போது தென்காசியை நினைத்துப் பாருங்கள். கார் பருவத்தில் சாரல். பிசானத்தில் மார்கழிப் பனி. ஈரமும் குளிரும் இயற்கையாகவே இருக்கின்றன. இதோடு கரும்பச்சையான, மென்மையான, அடர்ந்த பயிரும் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குலைநோய் மட்டும் அல்ல. பாக்டீரியா இலைக்கருகல், இலையுறைக் கருகல், புகையான் பூச்சி ஆகியவையும் தழைச்சத்து மிகுந்த வயலை நாடி வருகின்றன.

செம்புள்ளி: பசித்த பயிரின் நோய்

அப்படியானால் உரமே போடாமல் விட்டால் நோய் வராதா? அப்படியும் இல்லை. நெல்லுக்கு இன்னொரு பூஞ்சாண நோய் உண்டு. செம்புள்ளி நோய் என்பார்கள். இது குலைநோய்க்கு நேர் எதிர். சத்துக் குறைந்த மண்ணில், குறிப்பாகச் சாம்பல்சத்தும் சிலிக்காவும் குறைந்த இடத்தில், வாடிய பயிரைத்தான் இது அதிகம் தாக்கும்.

இந்த நோயின் பெயர் வரலாற்றில் பெரிதாக அடிபட்டது வங்காளத்தில். 1942இல் அங்கே வழக்கத்துக்கு மாறான மழையும் மேகமூட்டமும் நிலவின. அக்டோபரில் பெரும்புயல் ஒன்றும் அடித்தது. செம்புள்ளி நோய் பரவி நெல் விளைச்சல் பெருமளவு குறைந்தது. அடுத்த ஆண்டு வந்த பஞ்சத்தில் 20 முதல் 30 லட்சம் பேர் இறந்தார்கள். நோயியல் அறிஞர் எஸ்.ஒய்.பத்மநாபன் 1973இல் எழுதிய கட்டுரையில் இந்த நோயின் பங்கை விரிவாக விளக்கினார். ஆனால் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில், பஞ்சத்துக்கு முதன்மைக் காரணம் உணவுப் பற்றாக்குறை அல்ல, ஏழைகளால் அரிசி வாங்க முடியாமல் போனதுதான் என்று வாதிட்டார். யுத்தகால விலையேற்றமும் ஆங்கிலேய அரசின் அலட்சியமும் சேர்ந்து செய்த கொடுமை அது. ஒரு பூஞ்சாணத்தின் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட முடியாது. ஆனால் நெல் நோயை அலட்சியம் செய்யக்கூடாது என்ற பாடத்தை அது நாட்டுக்குக் கற்பித்தது. 1946இல் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் கோவையில் நெல் ஆராய்ச்சி செய்த கே.ராமையா.

ஆக, குலைநோய் பெருத்த பயிரின் நோய். செம்புள்ளி பசித்த பயிரின் நோய். இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய வரப்பு. அதன் மேல்தான் விவசாயி நடக்க வேண்டியிருக்கிறது.

பசுமைப் புரட்சி: வரப்பு இன்னும் குறுகியது

பழைய நெல் ரகங்கள் உயரமானவை. அதிகம் உரம் போட்டால் சாய்ந்துவிடும். ஆகவே யாரும் ஓர் அளவுக்கு மேல் போட மாட்டார்கள். அந்தச் சாய்வே ஒரு தடுப்பாக இருந்தது.

1960களில் அது மாறியது. தஞ்சாவூரில் தீவிர வேளாண்மைத் திட்டம் நடந்தது. ஏ.டி.டி.27 வந்தது. பிலிப்பைன்ஸிலிருந்து 1966இல் ஐ.ஆர்.8 வந்தது. ஐ.ஆர்.8 குட்டை ரகம். தழைச்சத்து அதிகம் போட்டாலும் அது சாயாமல் நின்று விளைந்தது. சி.சுப்பிரமணியம் மத்திய உணவு அமைச்சராக இருந்து முன்னெடுத்த திட்டம் நாட்டின் பசியைப் போக்கியது.

ஆனால் சாயாத பயிருக்கு நோய் வராது என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. முதலில் வந்த குட்டை ரகமான தைவானின் டி.என்.1 பாக்டீரியா இலைக்கருகலுக்கு எளிதில் ஆளானது. 1980களில் தமிழ்நாட்டில் பரவலாகப் பயிரான ஐ.ஆர்.50 நல்ல சன்ன ரகம். ஆனால் குலைநோய் என்றால் அதற்கு ஆகவே ஆகாது. 1986இல் அம்பாசமுத்திரம் நிலையம் வெளியிட்ட அம்பை 16 இன்றும் தென் மாவட்டங்களில் செல்வாக்கோடு இருக்கிறது. இட்லிக்கு ஏற்ற குண்டு அரிசி என்பது ஒரு காரணம். உள்ளூர்ப் பருவத்துக்கு ஏற்றது என்பது மற்றொரு காரணம்.

ரகம் மட்டுமே கவசம் ஆகாது என்பதும் தெரிந்தது. குலைநோய்ப் பூஞ்சாணம் தன்னை மாற்றிக்கொண்டே இருக்கும். இன்று தாங்கும் ரகம் சில ஆண்டுகளில் தோற்றுப் போகலாம். அப்போது கைகொடுப்பது உர அளவுதான்.

நோயே இல்லாத நோய்

இந்த வரலாற்றில் ஒரு சுவையான திருப்பமும் உண்டு. வட இந்தியாவின் தராய் பகுதியில் நெல் இலைகள் துருப்பிடித்தது போல் பழுத்துப் பயிர் குட்டையாகிக் கொண்டிருந்தது. "கைரா நோய்" என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்தக் கிருமி என்று தேடினார்கள். 1966இல் பந்த்நகரில் ஒய்.எல்.நேனே என்ற நோயியல் அறிஞர் விடை கண்டார். கிருமியே இல்லை! மண்ணில் துத்தநாகம் இல்லை. அவ்வளவுதான். துத்தநாக சல்பேட் கரைசலைத் தெளித்ததும் பயிர் தேறியது.

நோய் எங்கே முடிகிறது, பசி எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. தமிழ்நாட்டிலும் இன்று நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் பரிந்துரைக்கப்படுகிறது.

மூட்டையின் விலை

சரி, இவ்வளவும் தெரிந்த பிறகும் ஏன் யூரியாவை அதிகமாகப் போடுகிறார்கள்? விவசாயிக்கு அறிவில்லை என்று சொல்வது சுலபம். ஆனால் காரணம் வயலில் மட்டும் இல்லை, டெல்லியிலும் இருக்கிறது.

1992 ஆகஸ்டில் மத்திய அரசு மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. யூரியாவுக்கு மட்டும் கட்டுப்பாடு தொடர்ந்தது. பொட்டாஷ், டி.ஏ.பி. விலை சட்டென்று ஏறியது. விளைவு என்ன? தழை, மணி, சாம்பல் சத்துக்களின் பயன்பாட்டு விகிதம் 1991-92இல் 5.9 : 2.4 : 1 ஆக இருந்தது, ஒரே ஆண்டில் 9.5 : 3.2 : 1 ஆனது. பொதுவாக நாட்டுக்கு ஏற்றது என்று சொல்லப்படும் விகிதம் 4 : 2 : 1. 2010இல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோதும் யூரியா அதில் சேர்க்கப்படவில்லை. இன்று 45 கிலோ யூரியா மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது. பொட்டாஷ் மூட்டையின் விலை அதைப்போல் பல மடங்கு. நாட்டுக்குத் தேவையான பொட்டாஷ் ஏறக்குறைய முழுவதும் இறக்குமதி என்பதும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரிவது. யூரியா போட்டால் சில நாட்களிலேயே பயிர் பச்சை கட்டும். போட்ட காசுக்குப் பலன் தெரிகிறது. பொட்டாஷ் போட்டால் பார்ப்பதற்கு எந்த வித்தியாசமும் இருக்காது. தண்டு உறுதியாவதும் நோய் குறைவதும் நெல் மணி பிடிப்பதும் அறுவடையில்தான் தெரியும். கையில் காசு குறைவாக உள்ளவர் எதை விடுவார்? கண்ணுக்குத் தெரியாததைத்தான் விடுவார். குறிப்பாகக் குத்தகைக்கு நிலம் எடுத்தவருக்கு அடுத்த ஆண்டு மண் எப்படி இருக்கும் என்பது இரண்டாம் கவலைதான்.

வைக்கோலையும் இங்கே சொல்ல வேண்டும். நெல் பயிர் எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பகுதி மணியில் இல்லை, வைக்கோலில்தான் இருக்கிறது. சிலிக்காவும் அப்படியே. தென்காசிப் பக்கம் அறுவடை முடிந்ததும் வைக்கோல் லாரிகள் புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகின்றன. விற்பவருக்கு அது தேவையான வருமானம். ஆனால் வயலின் பார்வையில் அது ஒரு லாரி பொட்டாஷ் மலை தாண்டிப் போவதாகும். முன்பு உள்ளூர் மாடு தின்று சாணமாகத் திரும்பி வந்த சத்து இப்போது திரும்புவதில்லை.

ஒரேயடியாக நிறுத்தினால்?

ரசாயன உரமே வேண்டாம் என்று ஒரே நாளில் சொல்லிவிட்டால் தீர்வா? அதற்கும் அண்மையில் ஒரு சான்று கிடைத்தது. 2021 மே மாதம் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. விவசாயிகளுக்கு முன்தயாரிப்பு எதுவும் இல்லை. மாற்று உரமும் போதிய அளவில் இல்லை. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2021-22 பெரும்போக நெல் உற்பத்தி அதற்கு முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. கிளிநொச்சி முதல் அம்பாறை வரை தமிழ் பேசும் விவசாயிகளும் இதில் சிக்கித் தவித்தார்கள்.

இயற்கை வேளாண்மை தவறு என்று இதற்குப் பொருள் அல்ல. தென்காசி மாவட்டத்திலேயே புளியங்குடிப் பக்கம் இயற்கை முறையில் வெற்றி கண்டவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் பல ஆண்டுகள் மண்ணைத் தயார் செய்தவர்கள். அரசாணையால் மண் மாறாது.

வரப்பின் மேல் நடப்பது எப்படி?

நூறு ஆண்டு ஆராய்ச்சி சொல்லும் வழி சிக்கலானது அல்ல.

முதலில் அளவு. குறுகிய கால நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை 120, மணி 40, சாம்பல் 40 கிலோ. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து உண்டு. கணக்குப் போட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 105 கிலோ, அதாவது இரண்டே கால் மூட்டைக்குச் சற்று மேல். டி.ஏ.பி. போட்டிருந்தால் அதிலுள்ள தழைச்சத்தையும் கழித்துக்கொள்ள வேண்டும். மண் பரிசோதனை செய்தால் இன்னும் சரியாகத் தெரியும்.

இரண்டாவது நேரம். மொத்த யூரியாவையும் ஒரே நாளில் கொட்டாமல் மூன்று நான்காகப் பிரித்து மேலுரமாக இட வேண்டும். இலை வண்ண அட்டையை இலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இப்போது தேவையா, வேண்டாமா என்று அதுவே சொல்லும். தொடர்ந்து தூறலும் மேகமூட்டமும் இருந்து, இலையில் கண் புள்ளியும் தெரிந்தால் அந்தச் சமயம் யூரியாவை நிறுத்தி வைப்பது நல்லது. நோயைப் பார்த்ததும் "பயிர் தேறட்டும்" என்று ஒரு கை யூரியா வீசுவதுதான் மிகப் பெரிய தவறு.

மூன்றாவது துணை. சாம்பல்சத்தை விட்டுவிடக் கூடாது. அதையும் பிரித்து இடலாம். சிலிக்காவுக்கு விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. உமிச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்காதான். குலைநோய் தாக்கிய நெல்லில் சிலிக்கா குறைவாக இருப்பதை 1917இலேயே ஜப்பானில் ஒனோதெரா என்பவர் கண்டறிந்தார். 1955இல் அந்நாடு சிலிக்கேட்டை உரமாகவே ஏற்றுக்கொண்டது. நம் ஊரிலோ அரிசி ஆலைகளின் வெளியே அது குவிந்து கிடக்கிறது.

நான்காவது பழைய வழி. கொழிஞ்சி, தக்கைப்பூண்டு, தொழு உரம், கிடை. இவை யூரியாவுக்கு எதிரிகள் அல்ல. அதைக் குறைவாகப் போட்டாலும் போதும் என்ற நிலையை உருவாக்குபவை.

முடிவுரை

உரத்தின் வரலாற்றை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஒரு சாரார் அதைப் பசியை வென்ற கதை என்பார்கள். மறு சாரார் மண்ணைக் கெடுத்த கதை என்பார்கள். நெல்லின் நோய்களை வைத்துப் பார்த்தால் இரண்டுமே பாதிக் கதைகள்தான். சத்து இல்லாத பயிரைச் செம்புள்ளி தின்றது. சத்து மிஞ்சிய பயிரைக் குலைநோய் தின்றது. அளவறிந்து ஊட்டிய பயிர்தான் மனிதன் வாய்க்கு வந்து சேர்ந்தது.

அந்த அளவைத் தீர்மானிக்கும் பொறுப்பு விவசாயி ஒருவருடையது மட்டும் அல்ல. மூட்டைக்கு விலை வைப்பவர்களுக்கும், மண்ணைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர்களுக்கும், கடை வாசலில் "இதையும் ஒரு மூட்டை சேர்த்துப் போடுங்க" என்று சொல்பவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஒவ்வோர் ஆண்டும் சாரல் வரும். அதை யாராலும் நிறுத்த முடியாது. நிறுத்தவும் வேண்டாம். சாரல் வரும்போது வயலில் நிற்கும் பயிர் எப்படி இருக்க வேண்டும் என்பது மட்டும் மனிதர்கள் கையில் இருக்கிறது.